ஷைனியில் முதல் தரவுச் செயலி: நியூயார்க்கின் 1973 கோடையோடு ஒரு பயிற்சி

அலுவலகத்தில் தரவோடு வேலை செய்கிறவர்களுக்குப் பழகிப்போன நிலைமை இது. ஒரு வரைபடம் போட்டு மெயிலில் அனுப்புவோம். "நல்லா இருக்கு, இதையே ஜூலைக்கு மட்டும் காட்ட முடியுமா?" என்று பதில் வரும். அனுப்புவோம். "அப்படியே ஆகஸ்டுக்கும்?" என்று அடுத்தது வரும். கேட்கிறவரே மாதத்தைத் தேர்ந்தெடுத்துப் பார்த்துக்கொள்ளும்படி ஒரு வலைப்பக்கத்தைக் கொடுத்துவிட்டால் இந்த மெயில் ஓட்டம் நின்றுவிடும். அதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. ஒரு பதிலைப் பார்த்ததும் எழும் அடுத்த கேள்விக்கு அங்கேயே, அந்த நொடியே விடை கிடைக்கும்.

அப்படி ஒரு பக்கத்தை ஆர் மொழியிலும் ஷைனி பேக்கேஜிலும் எப்படி உருவாக்குவது என்பதுதான் இந்த வழிகாட்டி. ஆரில் ஒரு சிஎஸ்வி கோப்பைப் படிக்கவும், சில வரிசைகளை மட்டும் வடிகட்டவும், சராசரி எடுக்கவும் தெரிந்தால் போதும். எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம்.

ஏன் ஷைனி

ஷைனியை 2012இல் ஆர்ஸ்டூடியோ நிறுவனம் வெளியிட்டது. உருவாக்கியவர் ஜோ செங். நிறுவனத்தின் பெயர் 2022இல் பாசிட் என்று மாறியது. அதே ஆண்டில் பைத்தானுக்கும் ஷைனி வந்தது. பைத்தான் உலகில் ஸ்ட்ரீம்லிட், டேஷ் என்று வேறு நல்ல கருவிகளும் இருக்கின்றன. பைத்தானிலேயே புழங்குகிறவர் ஸ்ட்ரீம்லிட்டில் தொடங்கினால் தவறே இல்லை, ஒரே மாலையில் ஏதாவது ஒன்று திரையில் ஓடும். ஆனால் ஸ்ட்ரீம்லிட், பயனர் எதைத் தொட்டாலும் இயல்பாக மொத்த ஸ்கிரிப்டையும் மேலிருந்து கீழ்வரை மறுபடி ஓட்டுவது. ஷைனி அப்படியில்லை. எது மாறியதோ அதைச் சார்ந்த பகுதியை மட்டும் திரும்பக் கணக்கிடும். எந்த முடிவு எந்தத் தேர்வைச் சார்ந்தது என்று தெளிவாக யோசிக்க அது நம்மைப் பழக்குகிறது. தரவுப் பகுப்பாய்வு கற்கிறவருக்கு இந்தப் பழக்கம் மிகவும் தேவை என்பதால்தான் ஷைனியைச் சிபாரிசு செய்கிறேன்.

நிறுவுவது

ஆர் மொழியின் அதிகாரபூர்வ இருப்பிடமான கிரான் தளத்திலிருந்து ஆர், பாசிட் தளத்திலிருந்து அதை எழுதி ஓட்ட உதவும் ஆர்ஸ்டூடியோ டெஸ்க்டாப், இரண்டும் இலவசம். ஆர்ஸ்டூடியோவைத் திறந்து, பேக்கேஜஸ் பட்டையில் இன்ஸ்டால் பொத்தானை அழுத்தி, ஷைனி என்று ஆங்கிலத்தில் தட்டி நிறுவுங்கள். விண்டோஸில் பழைய ஆர் வைத்திருந்தால் 4.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்கு மாறிவிடுங்கள். 2022இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்துதான் விண்டோஸில் ஆர், எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியீட்டை இயல்பாகவே பயன்படுத்துகிறது. தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகவும் பெட்டிகளாகவும் மாறும் தொல்லை அதோடு பெருமளவு குறைந்தது.

முதல் ஓட்டம்

வெற்றுக் கோப்பில் தொடங்காதீர்கள். ஆர்ஸ்டூடியோவின் ஃபைல் மெனுவில் 'நியூ ஃபைல்' போய், 'ஷைனி வெப் ஆப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பெயர் கொடுத்து, ஒற்றைக் கோப்பு வகையைத் தேர்ந்தெடுத்தால், ஓடத் தயாரான ஒரு செயலி திறக்கும். மேலே உள்ள 'ரன் ஆப்' பொத்தானை அழுத்துங்கள்.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்ற வெந்நீர் ஊற்று இருக்கிறது. அது ஒருமுறை பீறிட்ட பிறகு அடுத்த பீறிடலுக்கு எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்ற 272 அளவீடுகள் ஆரோடேயே வருகின்றன. திரையில் தெரிவது அவற்றின் ஹிஸ்டோகிராம், அதாவது எந்த இடைவெளியில் எத்தனை அளவீடுகள் விழுகின்றன என்று பட்டைகளாகக் காட்டும் படம். இடப்பக்கம் ஒரு ஸ்லைடர், அதை இழுத்தால் பட்டைகளின் எண்ணிக்கை மாறும்.

இங்கே கொஞ்சம் நின்று விளையாடிப் பாருங்கள். பட்டைகள் 20, 30 இருக்கும்போது இரண்டு மேடுகள் தெரியும். ஒன்று 55 நிமிடங்களை ஒட்டி, மற்றது 80ஐ ஒட்டி. அதாவது, இந்த ஊற்றுக்குக் குறுகிய காத்திருப்பு, நீண்ட காத்திருப்பு என்று இரண்டு விதம் உண்டு. ஸ்லைடரை 2க்குக் கொண்டுவந்தால் நடுப்பள்ளம் காணாமல் போய்விடும். தரவு மாறவில்லை, நாம் பார்க்கிற விதம்தான் மாறியது. அச்சில் வந்த ஒரு படம் இந்த வேறுபாட்டை உங்களுக்குக் காட்டாது. ஒரு கட்டுப்பாடு செயலியில் இருக்கத் தகுதியானதா என்று சந்தேகம் வந்தால் இந்த ஸ்லைடரை நினைத்துக்கொள்ளுங்கள். அதை நகர்த்தினால் பார்ப்பவரின் முடிவு மாறக்கூடும் என்றால் வையுங்கள். வண்ணத்தை மாற்ற மட்டும் ஒரு பெட்டி என்றால் வேண்டாம்.

கோப்புக்குள் இருப்பது

இப்போது அந்தக் கோப்பில் உள்ள நிரலைப் படியுங்கள். மூன்று பகுதிகள் இருக்கும். முதலாவது 'யூஐ', கண்ணுக்குத் தெரியும் பக்கம்: தலைப்பு, ஸ்லைடர், வரைபடத்துக்கான இடம். இரண்டாவது 'சர்வர்' என்ற ஃபங்ஷன், கணக்குப் போடும் இடம். மூன்றாவது கடைசி வரி. இந்த இரண்டையும் சேர்த்து ஓட்டுவது அதன் வேலை.

யூஐயும் சர்வரும் பெயர்களால்தான் பேசிக்கொள்கின்றன. ஸ்லைடருக்கு 'பின்ஸ்' என்று ஒரு அடையாளப் பெயர் கொடுக்கப்பட்டிருக்கும். சர்வருக்குள் 'இன்புட்' என்று எழுதி டாலர் குறி போட்டு அதே 'பின்ஸ்' பெயரை எழுதினால் ஸ்லைடரின் அந்நேர மதிப்பு கிடைக்கும். வரைபடத்துக்கு 'டிஸ்ட்ப்ளாட்' என்று பெயர். யூஐயில் 'ப்ளாட்அவுட்புட்' அதற்கு இடம் ஒதுக்குகிறது, சர்வரில் 'ரெண்டர்ப்ளாட்' அந்த இடத்தை நிரப்புகிறது.

இந்தப் பெயரை ஓரிடத்தில் மட்டும் வேண்டுமென்றே ஒரு எழுத்து மாற்றி ஓட்டிப் பாருங்கள். சிவப்பு எழுத்தில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. வரைபடம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும், அவ்வளவுதான். புதியவர்கள் மணிக்கணக்கில் தேடுவது பெரும்பாலும் இதைத்தான். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் ஆர் கண்டிப்பாகப் பார்க்கும் என்பதை மறக்க வேண்டாம். யூஐக்குள் இரண்டு உறுப்புகளுக்கு நடுவே காற்புள்ளி விட்டுப்போவது அடுத்த வழக்கமான பிழை. அதற்காவது ஆர் கத்தும்.

செயலிக்கு முன்னால் கேள்வி

இனி நம்முடைய சொந்தச் செயலி. ஆரோடு வரும் இன்னொரு தரவு 'ஏர்குவாலிட்டி'. நியூயார்க்கில் 1973 மே 1 முதல் செப்டம்பர் 30 வரை, நாளுக்கு ஒரு வரிசையாக 153 வரிசைகள். ரூஸ்வெல்ட் தீவில் பிற்பகல் 1 முதல் 3 மணி வரை அளந்த ஓசோன், சென்ட்ரல் பார்க்கில் அளந்த சூரியக் கதிர்வீச்சு, லகார்டியா விமான நிலையத்தில் அளந்த காற்றின் வேகமும் அன்றைய உச்ச வெப்பமும் அதில் இருக்கின்றன.

தரைமட்டத்தில் ஓசோன் சேருவது நல்லதல்ல, நுரையீரலைப் பாதிக்கும். வாகனப் புகையிலும் ஆலைப் புகையிலும் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரியும்போது அது உருவாகிறது. காற்று வீசினால் கலைந்து போகிறது. ஆகவே நம் கேள்வி இது: வெப்பம் ஏறிய நாட்களில் ஓசோனும் ஏறியதா? எல்லா மாதங்களிலும் அப்படித்தானா?

செயலியை மறந்துவிட்டு, முதலில் இதைச் சாதாரண ஸ்கிரிப்டில் செய்து பாருங்கள். இந்தப் படியைத் தாண்டி ஓடுகிறவர்கள்தான் அதிகம், சிக்கல்களும் அங்கேதான் தொடங்குகின்றன. ஓசோனின் சராசரியைக் கேட்டால் ஆர் 'என்ஏ' என்று சொல்லும். 153 நாட்களில் 37 நாட்களுக்கு ஓசோன் அளவு பதிவாகவில்லை என்பதே காரணம். விடுபட்டவற்றை நீக்கச் சொல்லும் 'என்ஏ.ஆர்எம்' என்பதை 'ட்ரூ' என்று வைத்தால் சராசரி 42க்குச் சற்று மேல் வரும், பில்லியனில் எத்தனை பங்கு என்ற அலகில். மாதவாரியாகப் பார்த்தால் மே 24, ஜூன் 29, ஜூலை 59, ஆகஸ்ட் 60, செப்டம்பர் 31 என்று கிட்டத்தட்ட வரும்.

ஜூன் மாத ஓசோன் ஜூலை மாத அளவில் பாதிதான் என்று பார்த்தவுடன் எழுதத் தோன்றும். ஆனால் ஜூனின் 30 நாட்களில் 21 நாட்களுக்கு ஓசோன் அளவே கிடையாது. அந்த 29 என்ற எண் வெறும் 9 நாட்களின் மேல் நிற்கிறது. மற்ற மாதங்களில் அதிகபட்சம் 5 நாட்கள்தான் விடுபட்டிருக்கின்றன. செயலியில் இதை எப்படிச் சொல்லப் போகிறோம்? ஆரின் 'ப்ளாட்' கட்டளை விடுபட்ட நாட்களை ஒரு வார்த்தையும் சொல்லாமல் தள்ளிவிட்டு மீதியை வரைந்துவிடும். பார்ப்பவர் தரவைத் தொட்டதில்லை, அவருக்குத் திரை மட்டுமே தெரியும். எனவே, எந்த எண்ணைக் காட்டினாலும் அது எத்தனை அளவீடுகளிலிருந்து வந்தது என்பதையும் பக்கத்திலேயே காட்டுவது செயலி எழுதுகிறவரின் கடமை என்று உறுதியாக நம்புகிறேன். அழகான தீம், அசையும் வரைபடம் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

செயலியைக் கட்டுவது

ஆர்ஸ்டூடியோ முதலில் உருவாக்கித் தந்த அந்த வார்ப்புருக் கோப்பையே திருத்துவோம். ஸ்லைடரை நீக்கிவிட்டு அங்கே 'செலக்ட்இன்புட்' வையுங்கள். அதற்கு மூன்று விஷயங்கள் வேண்டும்: அடையாளப் பெயர் (ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல், 'மன்த்' என்பது போல), திரையில் தெரியும் தலைப்பு ('மாதம்' என்று தமிழிலேயே எழுதலாம்), தேர்வுகள். தேர்வுகளைக் கொடுக்கும்போது இடப்பக்கம் "மே", "ஜூன்" என்று தமிழ்ப் பெயரும், சமக்குறிக்கு வலப்பக்கம் 5, 6 என்று எண்ணும் எழுதினால், பயனருக்குப் பெயர் தெரியும், சர்வருக்கு எண் போகும்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த எண் சர்வருக்கு எழுத்துச் சரமாகத்தான் போய்ச் சேரும். 6 என்ற எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஆர் சமாளித்துக்கொள்ளும். ஆனால் அதனோடு 1ஐக் கூட்ட முயன்றால் 'நான்-நியூமெரிக் ஆர்க்யுமென்ட்' என்று நின்றுவிடும். 'ஆஸ்.நியூமெரிக்' போட்டு எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள்.

சர்வரில், முதல் வேலை அந்த மாதத்து வரிசைகளைப் பிரித்தெடுப்பது. இதை 'ரியாக்டிவ்' என்ற ஃபங்ஷனுக்குள் எழுதி, 'மாதத்தரவு' என்ற பொருள்படும் ஒரு பெயரில் சேமியுங்கள். அடுத்து 'ரெண்டர்ப்ளாட்'டுக்குள் அந்தத் தரவை எடுத்து, கிடையாக வெப்பமும் செங்குத்தாக ஓசோனும் வைத்துப் புள்ளிகளை வரையுங்கள்.

ஓட்டிப் பார்த்தால் வேலை செய்யும். ஆனால் மாதத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள், ஒரு பெரிய குறை தெரியும். ஒவ்வொரு மாதத்துக்கும் அச்சுகளின் அளவைத் தரவுக்கேற்ப ஆர் தானே நீட்டிச் சுருக்கிக்கொள்கிறது. அதனால் ஜூனின் மேல்விளிம்பும் ஆகஸ்டின் மேல்விளிம்பும் ஒரே உயரத்தில் தெரியும், இரண்டும் ஒரே அளவு மாசு என்பது போல. ஊடாடும் செயலிகளில் நான் அதிகம் பார்க்கிற தவறான காட்சி இதுதான். சரிசெய்வது எளிது: ஓசோனின் உச்சம் 168 என்பதால் செங்குத்து அச்சின் எல்லையான 'ஒய்லிம்' என்பதை 0 முதல் 170 வரை நிலையாக வைத்துவிடுங்கள். கிடை அச்சுக்கு முழுத் தரவின் வெப்ப எல்லையைக் கொடுங்கள், 56 முதல் 97 பாரன்ஹீட் வரை. அப்புறம் முதலில் ஐந்து மாதப் புள்ளிகளையும் வெளிர் சாம்பலில் வரைந்து, தேர்ந்தெடுத்த மாதத்தை 'பாயின்ட்ஸ்' கட்டளையால் அழுத்தமான நிறத்தில் மேலே வையுங்கள். இப்போது மாதத்தை மாற்றினால், மொத்தக் கூட்டத்துக்குள் அந்த மாதம் எங்கே நிற்கிறது என்பது ஒரு பார்வையில் தெரியும். மே மாதப் புள்ளிகள் பெரும்பாலும் இடப்பக்கம் கீழே கிடக்கும், ஜூலை மேலே வலப்பக்கம் பரவும். முழுக் கோடைக்கும் வெப்பத்துக்கும் ஓசோனுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதன் அளவு, உச்சம் 1) 0.7ஐ ஒட்டி வருவதன் காரணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

கடைசியாக அந்த முக்கியமான வரி. யூஐயில் 'டெக்ஸ்ட்அவுட்புட்', சர்வரில் 'ரெண்டர்டெக்ஸ்ட்'. உள்ளே, விடுபடாத ஓசோன் அளவுகள் எத்தனை என்று எண்ணி, "30 நாட்களில் 9 நாட்களுக்கே அளவீடு உள்ளது" என்பது போல ஒரு வாக்கியத்தை 'பேஸ்ட்' கொண்டு ஒட்டிக் காட்டுங்கள். கிடை அச்சில் வெப்பத்துக்குப் பதில் காற்று, கதிர்வீச்சு என்று மாற்றிப் பார்க்க இன்னொரு தேர்வுப் பெட்டி சேர்த்தால், கதிர்வீச்சிலும் 7 நாட்கள் விடுபட்டிருப்பதால், இரண்டுமே இருக்கும் நாட்களை எண்ணும்படி இந்த வரியையும் திருத்த வேண்டும். காற்றைத் தேர்ந்தெடுத்துப் பார்க்க மறக்காதீர்கள், புள்ளிகள் எதிர்த் திசையில் சரியும்.

ரியாக்டிவ் எப்படி வேலை செய்கிறது

எக்செல்லில் ஒரு கட்டத்தின் எண்ணை மாற்றினால், அதை வைத்துச் சூத்திரம் எழுதிய கட்டங்கள் மட்டும் தாமாக மாறுகின்றன அல்லவா, ஷைனியும் அப்படியே. மாதப் பெட்டி மாறியதும், அதைப் படித்த 'மாதத்தரவு' காலாவதியாகிறது. அதைப் படித்த வரைபடமும் வாக்கியமும் காலாவதியாகின்றன. மூன்றும் திரும்பக் கணக்கிடப்படுகின்றன. வடிகட்டும் வேலை ஒரே தடவைதான் நடக்கும், வரைபடமும் வாக்கியமும் அந்த ஒரே விடையைப் பகிர்ந்துகொள்ளும். 'ரியாக்டிவ்'வுக்குள் எழுதியதன் பயன் இதுதான். சர்வருக்குள் எது முதலில், எது பிறகு என்று எழுதும் வரிசையும் முக்கியமில்லை, எது எதைச் சார்ந்தது என்பதே ஓட்டத்தைத் தீர்மானிக்கிறது. ஸ்கிரிப்ட் எழுதிப் பழகியவர்களுக்கு இது மனதில் படியக் கொஞ்சம் நாளாகும், பரவாயில்லை.

இரண்டு பிழைச் செய்திகளை இப்போதே தெரிந்துவைத்துக்கொண்டால் பின்னால் பதற்றம் இருக்காது. 'ஆப்ஜெக்ட் ஆஃப் டைப் க்ளோஷர் இஸ் நாட் சப்செட்டபிள்' என்று வந்தால், பெரும்பாலும் ரியாக்டிவ் பெயருக்குப் பின்னால் வெற்று அடைப்புக்குறிகளைப் போட மறந்திருப்பீர்கள். அந்தப் பெயர் ஒரு ஃபங்ஷன், அதை அழைத்தால்தான் தரவு வரும். 'ரியாக்டிவ் கான்டெக்ஸ்ட்' இல்லாமல் அனுமதியில்லை என்று வந்தால், இன்புட்டை 'ரியாக்டிவ்', 'ரெண்டர்' போன்றவற்றுக்கு வெளியே படிக்க முயன்றிருக்கிறீர்கள்.

ஒரே மாதத்துக்குப் பதில் பல மாதங்களைத் தேர்ந்தெடுக்க விட்டால், பயனர் எல்லா டிக்கையும் எடுத்துவிடக்கூடும். அப்போது தேர்வு வெறுமையாகி, செயலி சராசரியும் காட்டினால் அந்த இடத்தில் 'என்ஏஎன்' (எண் அல்ல) என்று நிற்கும். ரியாக்டிவ்வின் முதல் வரியில் 'ரெக்' போட்டால் தேர்வு வரும்வரை ஷைனி அமைதியாகக் காத்திருக்கும். "ஒரு மாதத்தையாவது தேர்ந்தெடுங்கள்" என்று சொல்ல விரும்பினால் 'வாலிடேட்', 'நீட்' இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். பயனருக்கு இது இன்னும் உதவியானது.

தமிழ் எழுத்துகள்

தலைப்பு, பெட்டிகளின் பெயர், விளக்க வாக்கியம் எல்லாவற்றையும் பிரவுசர்தான் வரைகிறது, அங்கே தமிழ் அழகாக வரும். ஆனால் 'ரெண்டர்ப்ளாட்' உருவாக்குவது ஒரு படம். அதற்குள் உள்ள எழுத்தைச் செயலி ஓடும் கணினி வரைகிறது. அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் கட்டம் கட்டமாக வரும். உங்கள் மடிக்கணினியில் சரியாகத் தெரிந்தது இணையத்தில் ஏற்றியதும் உடைவது இதனால்தான். எளிய வழி, வரைபடத்துக்குள் எழுத்தைக் குறைத்து, தமிழில் சொல்ல வேண்டியதை மேலும் கீழும் வலைப்பக்க உரையாக வைப்பது. இன்னொரு வழி ப்ளாட்லி பேக்கேஜ். அதன் வரைபடங்களைப் பிரவுசரே வரைவதால் தமிழ் தானாகவே சரியாக வரும், புள்ளியின் மேல் சுட்டியை வைத்தால் அந்த நாளின் மதிப்பும் தெரியும்.

இணையத்தில் ஏற்றுவது

ஏற்றுவதற்கு முன் ஆர்ஸ்டூடியோவின் செஷன் மெனுவில் 'ரீஸ்டார்ட் ஆர்' கொடுத்து, நினைவகத்தில் இருப்பவற்றையும் அழித்துவிட்டு, செயலியை ஓட்டிப் பாருங்கள். கன்சோலில் எப்போதோ உருவாக்கிய ஒரு மாறியை நம்பிச் செயலி ஓடிக்கொண்டிருந்தால் இங்கேயே பிடிபடும். உங்கள் சொந்தத் தரவுக் கோப்பைச் செயலி இருக்கும் அதே ஃபோல்டரில் வைத்து, பெயரை மட்டும் எழுதிப் படியுங்கள். சி டிரைவில் தொடங்கும் முழு முகவரி அங்கே வேலை செய்யாது. கோப்பைப் படிக்கும் வரியைச் சர்வர் ஃபங்ஷனுக்கு வெளியே, மேலே வையுங்கள். உள்ளே வைத்தால் ஒவ்வொரு பயனர் வரும்போதும் அது மறுபடி படிக்கப்படும்.

ஷைனிஆப்ஸ்.ஐஓ என்ற பாசிட்டின் சேவையில் இலவசக் கணக்கு தொடங்கி, ஆர்ஸ்டூடியோவின் 'பப்ளிஷ்' பொத்தானால் ஏற்றலாம். இலவசக் கணக்கில் செயலிகளின் எண்ணிக்கைக்கும் மாதத்துக்கு ஓடும் நேரத்துக்கும் வரம்பு உண்டு, பயிற்சிக்குத் தாராளம். ஷைனிலைவ் என்று ஒரு வழியும் இருக்கிறது. அதில் பிரவுசருக்குள் நிரல்களை ஓட்டும் வெப்அசெம்ப்ளி என்ற தொழில்நுட்பம் மூலம் ஆர் முழுவதும் பார்ப்பவரின் பிரவுசருக்குள்ளேயே ஓடும், சர்வரே வேண்டாம். கோப்புகளை அப்படியே வலைப்பக்கமாகக் காட்டும் கிட்ஹப் பேஜஸ் போன்ற சாதாரண இடத்திலேயே வைத்துவிடலாம். ஆனால் நிரலும் தரவும் பார்ப்பவரின் கணினிக்குப் போய்விடுவதால், நோயாளிகளின் விவரம், மாணவர் மதிப்பெண், வாடிக்கையாளர் பட்டியல் போன்றவற்றுக்கு இது கூடவே கூடாது. அப்படிப்பட்ட தரவைப் பொது முகவரியில் கடவுச்சொல் இல்லாத எந்தச் செயலியிலும் ஏற்றாதீர்கள்.

பிற எடுத்துக்காட்டுகளைப் பார்க்கும்போது, நம் கோப்பின் யூஐயைத் தொடங்கும் 'ஃப்ளூயிட்பேஜ்'க்குப் பதில் 'பேஜ்_சைட்பார்' என்று இருப்பதைக் காண்பீர்கள். பிஎஸ்லிப் என்ற புதிய பேக்கேஜின் அமைப்பு அது, தோற்றம் நவீனமாக இருக்கும். சர்வர் பகுதி எதுவும் மாறாது, எப்போது வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம்.

முகவரி கைக்கு வந்ததும், இந்தத் தரவைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். விளக்கம் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்தப் பெட்டியை முதலில் தொடுகிறார், எங்கே தயங்குகிறார், எதைத் தொடவே இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஜூனைத் தேர்ந்தெடுத்துவிட்டு "இந்த மாதம் ஓசோன் குறைவு" என்று அவர் சொன்னால், அந்த 9 நாட்கள் வரி அவர் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். அதை வரைபடத்துக்கு மேலே கொண்டுபோய், எழுத்தைப் பெரிதாக்கி, இன்னொருவரிடம் கொடுத்துப் பாருங்கள்.